பரிந்துரையும் துலாக்கோலும்: தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் மன்றாட்டின் எல்லை

1. வினாவின் தோற்றம்

புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டையில் கிறித்தவத் தமிழ்க் காப்பியங்களைப் பற்றி ஒருநாள் மாலை உரையாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. உரை முடிந்தபின் முதியவர் ஒருவர் எழுந்தார். உழவுத் தொழிலர், நூற்பயிற்சி மிகுதியாக உடையவர் அல்லர். அவர் விடுத்த வினா வருமாறு: “ஆண்டவர் நடுநிலை தவறாத நீதிபதி என்றீர்கள். அடியார்கள் நமக்காக வேண்டினால் அவர் மனம் இரங்குவார் என்றும் சொன்னீர்கள். தீர்ப்பு நேர்மையானது என்றால் இடையிலே சிபாரிசு எதற்கு? சிபாரிசு செல்லும் என்றால், சிபாரிசுக்கு ஆள் இல்லாதவன் என்ன செய்வான்?”

அன்று நான் இறுத்த விடை முழுமையானதன்று. அலுவலகத்தில் ஒரு தாள் நகர்வதற்கும் பெரியவர் ஒருவரின் சொல்லை நாடித் திரியும் எளிய மக்களின் வினா அது. விண்ணுலக மன்றமும் அவ்வாறே நடக்குமாயின், ஆளில்லாதவனுக்குப் புகலிடம் யாண்டும் இல்லை என்றாகிவிடும். ஆகவே அவ்வினாவைச் சமய வினா என்று ஒதுக்குதல் முறையாகாது. நீதியும் அருளும் ஒருவனிடத்தே ஒருங்கு நிற்றல் எவ்வாறு என்னும் இவ்வினாவைத் தமிழிலக்கியம் தொன்றுதொட்டு எழுப்பி வந்துள்ளது.

கத்தோலிக்கப் புலவர் நூல்கள் அருளையும், சீர்திருத்த சபைப் புலவர் நூல்கள் நீதியையும் வற்புறுத்துவன என்று பாகுபடுத்திக் கூறும் வழக்கம் மாணவரிடையே உண்டு. இப்பாகுபாடு மேற்போக்கானது. தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் கொள்கையால் வேறுபடினும், பரிந்துரை என்பதன் இயல்பிலும் எல்லையிலும் ஒன்றுபடுகின்றன. அவ்வொற்றுமைக்குத் தமிழ் மரபும் துணை நிற்கின்றது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லும் பொருளும்

முதற்கண் சொற்களை நோக்குவாம். ‘சிபாரிசு’ என்பது பாரசீகத்தில் தோன்றி உருது வழியாகத் தமிழகத்துக்கு வந்த சொல். அதற்கு ஈடாக நாம் வழங்கும் ‘பரிந்துரை’ என்பதன் அடி வேறு; பொருளும் வேறு. பரிதல் என்னும் வினைக்கு அன்பு கொள்ளுதல், இரங்குதல், வருந்துதல் என்னும் பொருள்கள் உள. எனவே, பரிந்துரைப்பவன் முதலில் வருந்துகின்றான்; பின்னரே உரைக்கின்றான். சிபாரிசுக்கு வேண்டுவது செல்வாக்கு. பரிந்துரைக்கு வேண்டுவது நெஞ்சின் நோவு. இவ்விரண்டையும் ஒருபொருட் பன்மொழியாகக் கொண்டதனாலேயே முதியவரின் வினா அத்துணைக் கூர்மை பெற்றது.

இனி, நீதிக்கும் அருளுக்கும் உள்ள முரணைத் திருவள்ளுவர் ஒரே சொல்லால் காட்டுகின்றார். செங்கோன்மை அதிகாரத்தின் முதற்குறளில், எவரிடத்தும் கண்ணோடாது ஆராய்ந்து செய்வதே முறை என்று விதிக்கின்றார். மூன்று அதிகாரங்கள் கடந்து, கண்ணோட்டம் என்பதனையே தனி அதிகாரமாக்கி, அஃது இல்லாதாரைப் பழிக்கின்றார். ஓரிடத்தில் விலக்கிய ஒன்றைப் பிறிதோரிடத்தில் விதித்தல் முன்னுக்குப்பின் முரண் ஆகாதோ எனின், ஆகாது. 578ஆம் குறள் இரண்டனையும் இணைக்கின்றது. செய்ய வேண்டிய கருமம் சிதையாதபடி கண்ணோட வல்லவர்க்கே உலகம் உரிமையுடையது என்பது அதன் கருத்து. கருமம் சிதைந்தால் அது கண்ணோட்டம் ஆகாது. கண்ணோட்டமே இல்லையேல் அது முறையின் நிறைவும் ஆகாது. இவ்விரண்டு தலைகளுக்கும் நடுவே ஒரு குறுகிய வழி உண்டு. பரிந்துரைப்பவன் நடக்க வேண்டிய வழி அதுவே.

3. கோவூர்கிழார் காட்டும் நெறி

அவ்வழியில் நடந்து காட்டியவர் கோவூர்கிழார். மலையமானின் சிறுமக்களைச் சோழன் கிள்ளிவளவன் யானைக் காலில் இடுவிக்கப் புகுந்தபோது அவர் பாடியது புறநானூற்றின் 46ஆம் பாட்டு. உலகப் பரிந்துரை இலக்கியத்துள் அதனினும் சுருங்கிய, அதனினும் செறிந்த ஒன்றை நான் அறியேன்.

அப்பாட்டுள் மூன்று கூறுகள் உள. முதலாவது, புலவர் அரசனை அவன் மரபின்மேல் நிறுத்துகின்றார். புறாவின் துயர் தீர்த்தவன் வழிவந்தோன் என்று நினைவூட்டுகின்றார். இரண்டாவது, குற்றஞ்சாட்டப் பெற்றோரின் நிலையை உள்ளவாறு எடுத்துரைக்கின்றார். அவர்கள் புலவர்க்குப் பகுத்துண்ணும் குடியினர். யானையைக் கண்டு அழுகையை மறந்து, புதிய மன்றத்தைக் கண்டு மருளும் சிறார். மூன்றாவதே வியத்தற்குரியது. இத்துணையும் கூறிய புலவர், யான் கூறியதைக் கேட்டனை. இனி நீ விரும்பியதைச் செய்க என்று முடிக்கின்றார். மன்றாட்டின் உச்சியில் நின்று முடிவை மன்னன் கையிலேயே விட்டுவிடுகின்றார்.

இஃது இயலாமையா, நயமா எனின், இரண்டும் அன்று, அறம் என்க. தீர்ப்பைத் தம் கையில் எடுத்துக்கொள்ளும் பரிந்துரை, நீதிபதியை நீதிபதி ஆகாமற் செய்துவிடும். அரசனின் நெஞ்சுரிமையைக் காத்துக்கொண்டே அவன் நெஞ்சத்தைத் தொடுகின்றார் கோவூர்கிழார். பாட்டுள் முடிவு கூறப்படவில்லை. அவர் அச்சிறாரை உய்யக் கொண்டார் என்பதை நாம் கொளுவினால் அறிகின்றோம்.

பேகனின் மனைவி கண்ணகி பொருட்டுக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகியோர் பாடிய பாட்டுகளும் (புறம் 143 முதல் 147 வரை) இம்மரபின. பரிசில் வேண்டி வந்தவர்களாயிருந்தும், தமக்குப் பொருள் வேண்டாம், அவள் துயர் தீர்த்தலே யாம் வேண்டும் பரிசில் என்கின்றனர் அப்புலவர். தன் ஊதியத்தை இழக்க ஒருப்படுதல் பரிந்துரையின் மற்றோர் அடையாளமாகும்.

புறாவின் கதையை ஈண்டுச் சிறிது நின்று நோக்குதல் தகும். சிபிக்கு முன் இரண்டு உரிமைகள் நின்றன. பருந்துக்குத் தன் இரையின்மேல் உரிமை. புறாவுக்கு அடைக்கலத்தின்மேல் உரிமை. புறாவைக் கொடுத்தால் அருள் அழியும். பருந்தைத் துரத்தினால் முறை அழியும். அவன் துலாக்கோலைக் கொணர்வித்துத் தன் உடலை ஒரு தட்டில் வைத்தான். எடை குறையாமையால் முறை நின்றது. புறா பிழைத்தமையால் அருளும் நின்றது. இரண்டும் ஒருங்கு நிற்பதற்கு நடுவில் நின்றவன் தன்னையே விலையாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. கிறித்தவ மறையின் மீட்புக் கோட்பாட்டைத் தமிழ் மாணவர்க்கு விளக்க இதனினும் அணுக்கமான உவமை வேண்டுவதில்லை.

4. மறைநூலில் மன்றாட்டு

கிறித்தவத் திருமறையுள் பிறர்க்காக வேண்டுதல் பலவிடங்களில் வருகின்றது. தொடக்க நூலின் 18ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் சோதோம் நகர்க்காக வாதிடுகின்றார். ஐம்பது நல்லவர் இருப்பின் நகரை விடுவிப்பீரோ என்று தொடங்கிப் பத்துப்பேர் என்னும் எண்ணில் வந்து நிற்கின்றார். அவ்வாதத்தின் அடித்தளம் யாது? உலகனைத்துக்கும் நடுவராயிருப்பவர் நல்லவனையும் தீயவனையும் ஒருசேர அழித்தல் தகுமோ என்பதே. அவர் நீதியை விலக்குமாறு வேண்டவில்லை. நீதியின் பெயராலேயே வேண்டுகின்றார். கோவூர்கிழார் சோழனுக்கு அவன் மரபை நினைவூட்டியது போன்றே ஆபிரகாமும் இறைவனுக்கு அவருடைய இயல்பை நினைவூட்டுகின்றார்.

விடுதலைப் பயணத்தின் 32ஆம் அதிகாரத்தில் மோசே இன்னும் ஒருபடி முன்னே செல்கின்றார். மக்களின் பிழையை மன்னியாவிடில் உம் நூலிலிருந்து என் பெயரை அழித்துவிடும் என்று தம்மையே பிணையாக வைக்கின்றார். ஆயினும், பாவம் செய்தவன் பெயரே அழிக்கப்படும் என்பது அவர் பெற்ற மறுமொழி. துலாக்கோலில் ஏற அவர் முன்வந்தார், ஏற ஒப்பவில்லை.

மறுப்பு இன்னும் கடுமையாக வரும் இடங்களும் உள. இம்மக்களுக்காக வேண்டாதே என்று எரேமியா விலக்கப்படுகின்றார். மோசேயும் சாமுவேலும் வந்து நின்றாலும் நெஞ்சம் இம்மக்கள்பால் திரும்பாது என்று அந்நூலின் 15ஆம் அதிகாரம் தொடங்குகின்றது. நோவா, தானியேல், யோபு ஆகிய மூவர் நடுவே இருப்பினும் தம் உயிரையே அவர்கள் காத்துக்கொள்வர் என்பது எசேக்கியேலின் 14ஆம் அதிகாரம். லூக்கா 16இல் வரும் செல்வன் உவமையில், பெரும்பிளவு ஒன்று நடுவே இருத்தலால் கடந்து வர இயலாது என்று ஆபிரகாமே மறுக்கின்றார். சோதோமுக்காக வாதிட்டவர் ஈண்டு வாதிடவில்லை என்பது கருதத்தக்கது.

இவ்விடங்களை வைத்து, மன்றாட்டுப் பயனற்றது என்று முடிபு கொள்ளலாமோ எனின், கூடாது. அந்நூல்கள் கூறுவது, மன்றாட்டு எதனைச் செய்ய இயலாது என்பதே. பிறன் மனந்திரும்புதலை அவனுக்குப் பதிலாக நிகழ்த்த அதனால் இயலாது.

5. வளன்: நீதிமானின் இரக்கம்

இப்பின்னணியில் தேம்பாவணியை அணுகுவோம். வீரமாமுனிவர் (1680–1747) 1726இல் முடித்த இக்காப்பியம் 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் உடையது. இதன் தலைவர் இயேசு பெருமான் அல்லர். அவருடைய வளர்ப்புத் தந்தையாகிய சூசை. அவரை வளன் என்னும் தூய தமிழ்ப் பெயரால் முனிவர் அழைக்கின்றார். நற்செய்தி நூல்கள் நான்கினுள் சூசை கூறியதாக ஒரு சொல்லும் இல்லை. பேசாத ஒருவரைக் காப்பியத் தலைவராக்கியது ஏன்?

விடை மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் உள்ளது. தம் துணைவி கருவுற்றிருத்தலை அறிந்த சூசை, நீதிமானாகையால் ஏற்றுக்கொள்ளவும் இயலாமல், அவரை வெளிப்படுத்திப் பழிக்கு ஆளாக்கவும் விரும்பாமல், மறைவாக விலகிவிட எண்ணுகின்றார். நீதியும் இரக்கமும் ஒரே நெஞ்சில் மோதிய இடம் அது. முனிவர் இதனை ஐயந்தோற்று படலம், ஐயநீங்கு படலம் என்னும் இரு படலங்களாக விரித்துள்ளார். மூலத்தில் சில வரிகளில் அடங்கிய செய்திக்கு இத்துணை இடம் அளித்தமை தற்செயல் ஆகாது. மன்றத்தில் நின்று பேசுதற்கு உரியவன் யார் என்னும் வினாவுக்கு அது விடை. தன் நெஞ்சினுள்ளே முறையையும் இரக்கத்தையும் எடையிட்டு நொந்தவனே பிறர்க்காகப் பேசும் தகுதி பெறுகின்றான். காப்பியத்தின் இறுதிப் படலமாகிய முடிசூட்டுப் படலத்தில் வளனார் விண்ணில் பெறும் முடி, இந்நோவின் விளைவு என்றே கொள்ளுதல் தகும். அவர் துணையை மக்கள் நாடுதல் அவர் அரண்மனைச் செல்வாக்கு உடையார் என்பதனால் அன்று.

இவ்வுரைக்கு ஒரு தடை எழலாம். முடிசூட்டுதல் என்பது அரசவை உருவகம். அரசவை உருவகம் வந்துவிட்டால் செல்வாக்கும் பின்தொடரும் அன்றோ எனின், அத்தடையில் உண்மை உண்டு. சிற்றிலக்கியங்களிலும் மக்கள் வழிபாட்டிலும் அவ்வுருவகம் தன் எல்லையை மீறிச் சென்ற இடங்கள் உளவென்பதை மறுத்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று. தாய் சொன்னால் மகன் தட்டமாட்டான் என்னும் எண்ணம், மகனை நீதியுடையவனாகவும் தாயை அருளுடையவளாகவும் பிரித்துவிடுகின்றது. அருள் இறைவனுக்கு அயலானதாகிவிட்டால், பரிந்துரை சிபாரிசாகத் தாழ்கின்றது.

6. காவலூர்த் தாயும் சிறையிருந்தவளும்

இத்தாழ்ச்சியினின்று முனிவர் தம்மைக் காத்துக்கொண்டமைக்கு அவருடைய சிற்றிலக்கியங்களே சான்று. இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியை அவர் திருக்காவலூர் என்று பெயரிட்டு அழைத்தார். ஆங்கு மரியன்னைக்கு அடைக்கல மாதா என்னும் பெயரில் கோயில் எழுப்பினார். திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். காவல், அடைக்கலம் என்னும் இரு சொற்களும் சிபாரிசுச் சொற்கள் அல்ல. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும்போது, மன்றத்தில் யாரிடமும் எதுவும் கேட்கப்படவில்லை. ஒருத்தி இன்னொருத்தியைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்கின்றாள். அடைக்கலம் என்பது பொறுப்பு ஏற்றல்.

மரியன்னையைப் பற்றி முனிவர் இயற்றிய மற்றொரு நூல் அன்னை அழுங்கல் அந்தாதி. அழுங்கல் என்பது துயருறுதல். மகன் மரத்தில் மாய்ந்த துயரில் நிற்கும் தாய் அந்நூலின் பொருள். அடைக்கலம் அளிக்கும் தாயும் அழுங்கும் தாயும் ஒருவரே என்று கொண்டு இரு நூல்களையும் இணைத்துக் கற்கும்போதுதான் முனிவரின் உள்ளம் விளங்கும். அன்னையின் சொல்லுக்குள்ள மதிப்பு அரியணையின் அருகில் இருத்தலால் வந்ததன்று. சிலுவையின் அருகில் நின்றதனால் வந்தது.

வைணவ நூல்களில் இதனோடு ஒப்பிடத்தக்க கருத்து ஒன்று உண்டு. உயிர்க்கும் இறைவனுக்கும் இடையே பிராட்டி நின்று இணைக்கும் தன்மையைப் புருஷகாரம் என்பர். பிள்ளை லோகாசாரியர் தம் ஸ்ரீவசன பூஷணத்தை இப்புருஷகாரத்தின் சிறப்போடு தொடங்குகின்றார். இராமாயணம் சிறையிருந்தவளின் ஏற்றத்தைக் கூறுவது என்பது அவர் கருத்து. சீதையின் மேன்மைக்கு அவர் காட்டும் இடம் அயோத்தி அரண்மனை அன்று, இலங்கைச் சிறை. தன்னை வருத்திய அரக்கியரைக் கொல்ல அனுமன் முனைந்தபோது தடுத்தவள், அச்சிறையில் துன்புற்ற அவளே. ஆயினும் அவள் இராவணனுக்குக் கூறிய நல்லுரை பயன்படவில்லை. அவன் திரும்பவில்லை. புருஷகாரத்துக்கும் எல்லை உண்டு என்பதை இராமகாதையே காட்டிவிடுகின்றது. இரு சமயத்தாரின் கொள்கைகளையும் ஒன்றென்று கூறுதல் என் கருத்தன்று. துன்பத்தில் தோய்ந்தவரே பிறர்க்காகப் பேசும் உரிமையுடையார் என்னும் உணர்வு தமிழ்நாட்டில் சமய எல்லைகளைக் கடந்து நிற்கின்றது என்பதே ஈண்டுப் போதரும்.

7. கிருட்டிண பிள்ளையின் துலை

எச். ஏ. கிருட்டிண பிள்ளை (1827–1900) நெல்லை நாட்டுக் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் தோன்றினார். 1858இல் திருமுழுக்குப் பெற்றுச் சீர்திருத்தக் கிறித்தவரானார். 1894இல் வெளிவந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகம், ஆங்கிலேயராகிய ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயண நூலைத் தழுவியது. ஐந்து பருவங்களால் ஆயது. இச்சபையார்க்கு அடியாரிடம் வேண்டும் வழக்கம் இல்லை. 1530இல் லூத்தரன் சபையார் வகுத்த ஆக்சுபர்க்கு அறிக்கையின் 21ஆம் உறுப்பு, அடியாரை நினைத்துப் போற்றலாம், அவரிடம் துணை வேண்டலாகாது என்றது. இறைவனுக்கும் மக்களுக்கும் நடுவர் ஒருவரே என்னும் பவுலடியார் கூற்று அதற்கு அடிப்படை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் தொண்டர்களுக்கும் வீரமாமுனிவர்க்கும் இடையே நிகழ்ந்த சொற்போரில் இதுவும் ஒரு பொருளாயிற்று. முனிவரின் வேத விளக்கம் அச்சூழலில் எழுந்த உரைநடை நூல்.

ஆகவே கிருட்டிண பிள்ளையின் காப்பியத்தில் பரிந்துரைக்கு இடமில்லை என்று சிலர் கருதுவர். அற்றன்று. பரிந்துரை அங்கு அழியவில்லை, ஓரிடத்தில் குவிந்துள்ளது. குமார பருவத்து இரட்சணிய சரித படலத்தில், இயேசு பெருமான் தம்மைக் கொல்வோர்க்காக வேண்டும் பாட்டு தமிழ் மாணவர் பலரும் அறிந்தது. அதன் வைப்புமுறை நோக்கத்தக்கது. திருமேனி சிதைந்ததும் அவர் பட்ட பாடும் முதலில் கூறப்படுகின்றன. அதன்பின் ‘பரிந்து’ என்னும் வினையெச்சம் வருகின்றது. அதனையடுத்து ‘எந்தாய்’ என்னும் விளி. பின்னர், செய்வது இன்னதென அறியாமை காரணமாகக் காட்டப்படுகின்றது. இறுதியிலேயே மன்னிப்பு வேண்டப்படுகின்றது.

நோவு, பரிவு, உறவு, காரணம், வேண்டுகோள் என்னும் இவ்வரிசையே பரிந்துரையின் இலக்கணம். நீதிபதியே என்று விளியாமல் தந்தையே என்று விளித்ததனால், அருள் வெளியிலிருந்து இறைவனுக்கு ஊட்டப்படுவதன்று என்பது பெறப்படும். அறியாமையைக் காரணமாகக் காட்டியதனால், வேண்டுகோள் முறையை மீறவில்லை என்பதும் பெறப்படும். கொடும் வதையின் நடுவே வாய் மலர்ந்தார் என்று புலவர் கூறியது வெறும் மரபுச் சொல் ஆகாது; சிதைந்த மேனியில் மலர்ந்தது அவ்வொன்றே.

கம்பனில் ஊறியவர் கிருட்டிண பிள்ளை; கிறித்தவக் கம்பர் என்றே போற்றப் பெறுபவர். கம்பனின் வீடணன் அடைக்கலப் படலத்தில் சுக்கிரீவன் முதலானோர் மறுத்துரைக்க, அனுமன் ஒருவனே வீடணனுக்காகப் பரிந்து பேசுகின்றான். இராமன் அச்சொல்லை ஏற்கின்றான். ஆனால் அவ்வளவில் நில்லாது, அடைந்தாரைக் காத்தல் தன் கடன் என்று நிறுவுகின்றான். அவ்விடத்தில் அவன் எடுத்துக்காட்டுபவருள் துலையில் ஏறிய சிபியும் ஒருவன். கோவூர்கிழார் சோழனுக்கு நினைவூட்டிய அதே சிபியை, ஈண்டு அடைக்கலம் தருபவனே தனக்கு நினைவூட்டிக்கொள்கின்றான். பரிந்துரைப்போன் கூறக் கருதியது தீர்ப்போனின் நெஞ்சில் முன்னரே இருந்தது. இரட்சணிய யாத்திரிகத்தில் இவ்விருவரும் ஒருவராகின்றனர். பரிந்துரைப்பவரே துலையில் ஏறுகின்றார். மோசே ஏற முன்வந்தும் ஏலாத தட்டில் அவர் ஏறுகின்றார்.

இக்காப்பியத்தின் குறையையும் கூறுதல் கடன். உருவகக் காப்பியமாகையால் பயணி தனித்துச் செல்கின்றான். அயலார்க்காக அவன் நெஞ்சம் நோதல் பின்னுக்குத் தள்ளப்படுகின்றது. இக்குறை பனியனிடமிருந்தே வந்தது. ஆங்கில நூலின் முடிவில், அறிவிலி ஒருவன் விண்ணக வாயில்வரை வந்தும் புறந்தள்ளப்படுகின்றான். அவனுக்காகப் பேச ஒருவரும் இல்லை. அந்நூலின் நீதி குறைவற்றது. ஆயினும் கோவூர்கிழாரைக் கற்ற தமிழ் நெஞ்சம் அவ்வாயிலில் ஒரு குரலை எதிர்பார்க்கின்றது.

8. எல்லைகள் மூன்று

இதுகாறும் கண்டவற்றால் மன்றாட்டின் எல்லைகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, மன்றாட்டு இறைவனின் திருவுளத்தை மாற்றுவதன்று. 13ஆம் நூற்றாண்டு மறைவல்லுநர் தாமசு அக்குவினாசு இதனைத் தெளிவாக்கினார். இறைவன் வகுத்ததை மாற்றுவதற்காக நாம் வேண்டுவதில்லை. வேண்டுதல் வழியாக அளிக்க அவர் வகுத்ததைப் பெறவே வேண்டுகின்றோம் என்பது அவர் கருத்து. உழுதல் மழையை மாற்றுவதன்று. ஆயினும் உழாத நிலத்துக்கு மழை பயிராகாது.

இரண்டாவது, மன்றாட்டு ஒருவனுடைய வாழ்க்கைக்கு ஈடாகாது. இறந்தார்க்காக வேண்டுவது பற்றி எழுதிய புனித அகுஸ்தீன், அவ்வேண்டுதல் அதனால் பயன்பெறுமாறு வாழ்ந்தவர்க்கே பயன்படும் என்றும், மிகத் தீயவர்க்கு அஃது உதவாவிடினும் உயிரோடிருப்போர்க்கு ஆறுதலாகும் என்றும் கூறினார். தம் தாய் மோனிக்காவுக்காக வேண்டியவரும் அவரே என்பதை நினைக்கும்போது, அவ்வரையறை வறட்டுக் கொள்கை அன்றென்பது விளங்கும். உத்தரிக்கும் தலத்து உயிர்களுக்காகக் கத்தோலிக்கர் வேண்டுவதும் இவ்வரையறைக்கு உட்பட்டதே. பத்துக் கன்னியர் உவமையில் எண்ணெய் உடையோர் இல்லாதார்க்குப் பகிர்ந்தளிக்க இயலாமற் போனதும் இப்பொருட்டே. பனியனின் பயணி தன் குடும்பத்துக்காக வேண்டினான். எனினும் அவன் மனைவி தன் காலால் நடந்தே அவ்வழி வரவேண்டியிருந்தது. அக்கதையே 1684இல் வந்த இரண்டாம் பகுதி.

மூன்றாவது, அடியார் மன்றாட்டு தனித்து நிற்பதன்று. மீட்பர் ஒருவரே என்பதை 1563இல் திரெந்து சங்கமும் அடியார் வேண்டுதலைப் பற்றிய தன் ஆணையுள்ளேயே கூறிற்று. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அன்னையின் பணி கிறித்துவின் ஒரே நடுவர் நிலையை மறைப்பதும் அன்று, குறைப்பதும் அன்று என்று தெளிவுறுத்தியது. அடியாரிடம் வேண்டலாமா என்பதில் இரு சபையாரும் இன்றும் வேறுபடுகின்றனர், அவ்வேற்றுமை பெரிது. ஆனால் செல்வாக்கினால் நீதியை வளைக்கலாம் என்று இருவரும் கூறவில்லை.

மூன்று எல்லைகளும் கல்வாரிக் குன்றில் ஒருங்கே வெளிப்படுகின்றன. பெருமான் வேண்டியபோது அவருடைய இருமருங்கும் இரு குற்றவாளிகள் தொங்கினர். மன்றாட்டு ஒன்றே, அதன் அருகில் இருந்தோர் இருவர். ஒருவன் தன் குற்றத்தை ஒப்பி, தன்னை நினைவுகூருமாறு கேட்டான். மற்றவன் இகழ்ந்தான். அருள் இருவர்க்கும் ஒரே தொலைவில்தான் இருந்தது.

9. முடிபு

இனி, வல்லத்திராக்கோட்டை முதியவரின் வினாவுக்கு வருவோம். தீர்ப்பு நேர்மையானால் சிபாரிசு எதற்கு என்றார். சிபாரிசுக்கு அங்கே இடமில்லை என்பதே விடை. அவ்வளவில் அவர் கருத்து முற்றும் சரியானது. பரிந்துரைக்கு இடம் உண்டு. ஏனெனில் அது நீதிக்கு எதிரான சொல் அன்று. தீர்ப்போனின் உள்ளத்தில் உள்ளதையே நொந்த நெஞ்சொன்று உரைப்பது. அது முடிவைத் தீர்ப்போனிடமே விட்டுவிடுகின்றது. கெத்சமெனித் தோட்டத்தில் பெருமான் தமக்காக வேண்டியபோதும், தம் விருப்பின்படி அன்று, தந்தையின் விருப்பின்படியே ஆகுக என்று முடித்தார். கோவூர்கிழார் நின்ற இடமும் அதுவே.

ஆளில்லாதவன் என்ன செய்வான் என்னும் இரண்டாம் வினாவே எனக்கு மிகவும் உறைத்தது. முதியவர் கேட்ட அதே மாவட்டத்தில் ஆவூர்ப் பெரியநாயகி மாதா கோயில் உள்ளது. இன்றுள்ள கட்டடம் 1747இல் எழுந்தது. வீரமாமுனிவர் ஆங்கு வழிபாடு நிகழ்த்தினார் என்பர். உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில் ஆங்குப் பாசுகா நாடகம் நடைபெறும். அந்நாடகக் கதையில் பெருமானின் மன்றாட்டு எவர்க்காக எழுகின்றது என்பதை நோக்குக. நண்பர்க்காக அன்று, அடியார்க்காகவும் அன்று, ஆணி அறைந்தோர்க்காக. அவர்களுக்குச் சிபாரிசு செய்ய ஒருவரும் இல்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. ஆளில்லாதவர்க்கு முதலில் எழுந்த குரல் அது. அதனைத் தன்னுடையதென்று ஏற்றுக்கொள்ளுதல் ஒன்றே அவரவர் செய்ய வேண்டுவது. அதனை ஒருவனுக்காக இன்னொருவன் செய்ய இயலாது. அதுவே மன்றாட்டின் எல்லை.

பெரும் புலவர் இருவரும் வெவ்வேறு கோயில்களில் வணங்கினர். ஆனால் அவர்தம் துலாக்கோல் ஒன்றே. இவ்வுண்மையை மனங்கொண்டு கிறித்தவத் தமிழ் நூல்களைச் சங்கப் பாட்டோடும் கம்பனோடும் இணைத்துப் பயிலுதல் நம் மாணவர் கடன்.